பத்தாம் ஆண்டுப் பாட்டில் நடுவில் நின்றது யார்?

லே செராஃபிம் என்கிற கொரியக் குழுவின் சகுராவை மட்டும் தெரிந்த கே-பாப் ரசிகர்களுக்கு முதலில் ஒன்று. மியாவாக்கி சகுரா கொரியாவுக்குப் போகும் முன்பே ஜப்பானில் பெரிய ஆள். ஏகேபி48 என்கிற ஜப்பானியப் பெண்கள் பாட்டுக் குழுவின் பத்தாம் ஆண்டு சிங்கிளில் (தனியாக வெளியிடும் பாட்டு), குழுவை விட்டுப் போன பழைய ஜாம்பவான்கள் நாலு பேர் திரும்பி வந்து பக்கத்தில் நிற்க, சென்டரில், அதாவது பாட்டின் முகமாக நடு இடத்தில், நின்றவர் இவர்தான். பாட்டு 'கிமி வா மெலடி', 2016 மார்ச் 9-ல் வந்தது. அவருக்கு 18 வயது நிறைய இன்னும் பத்து நாள் இருந்தது.

அப்போதும் சரி, இப்போதும் சரி, இதற்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. மயேதா அட்சுகோ, ஓஷிமா யூகோ, ஷினோதா மரிகோ, இதானோ தொமோமி எல்லோரும் வந்திருக்கும்போது நடு இடத்தை எதற்காக ஃபுகுவோகா கிளைக் குழுவிலிருந்து வந்த சகுராவுக்குக் கொடுக்க வேண்டும் என்று. மயேதாவும் ஓஷிமாவும் ரசிகர்கள் ஓட்டுப்போட்டு உறுப்பினர்களை வரிசைப்படுத்தும் தேர்தலில் மாறி மாறி முதலிடம் பிடித்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆதங்கம் வரத்தான் செய்யும். ஆனால் என் கட்சி வேறு.

இந்தக் குழு எங்கே தொடங்கியது என்று பாருங்கள். தோக்கியோ அகிஹபாராவில் டான் கிஹோத்தே என்கிற தள்ளுபடிக் கடை, அதன் எட்டாவது மாடியில் 250 பேர் கொள்ளும் அரங்கம். மேடைக்கு முன்னால் இரண்டு தடித்த தூண்கள், எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருத்தி கொஞ்ச நேரம் தூணுக்குப் பின்னால் காணாமல் போய்விடுவாள் (அதையும் ரசிகர்கள் செல்லமாகவே எடுத்துக்கொண்டார்கள்). 2005 டிசம்பர் 8-ல் முதல் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்து வந்த பொதுமக்கள் ஏழே பேர். அப்படித் தொடங்கிய குழு பத்து வருஷம் ஓடியதென்றால், ஒருத்தர் போகும்போது அடுத்தவரை முன்னே தள்ளிவிட்டதால்தான். மயேதா 2012-ல் போனார், ஓஷிமா 2014-ல். தலைவியாக இருந்த தகாஹாஷி மினாமிக்கு இதற்கு முந்தைய சிங்கிளில் சென்டர் கொடுத்து, இந்தப் பாட்டு வந்த அடுத்த மாதமே விடைகொடுத்துவிட்டார்கள். அப்படியிருக்க, பத்தாம் ஆண்டில் மட்டும் மயேதாவை மறுபடி நடுவில் நிறுத்தினால் அது பழைய மாணவர் சங்கக் கூட்டமாகிவிடும். அழைத்த விருந்தாளிகளை ஓரமாக நிற்க வைக்கிற துணிச்சல் எல்லாத் தயாரிப்பாளருக்கும் வராது, அகிமோதோ யாசுஷிக்கு வந்தது. 2014-ல் வதனபே மயுவோடு சென்டரைப் பங்குபோட்ட சகுரா, இதில்தான் ஏகேபி சிங்கிளில் முதல்முறையாகத் தனியாக நின்றார்.

சரி, எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பாட்டை டைப் ஏ, டைப் பி என்று விதவிதமான உறையில் போட்டு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு துணைப் பாட்டை ஒளித்து வைத்து, பாடகிகளோடு கைகுலுக்கும் நிகழ்ச்சிக்கான சீட்டையும் உள்ளே சொருகி விற்பது வியாபாரம்தான், இசையில் சேராது. முதல் வாரத்திலேயே 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது என்று மார்தட்டும்போது, அதில் எத்தனை சிடி உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

கொடுமை என்னவென்றால், அந்தத் துணைப் பாட்டுகளில் நல்லதும் இருக்கிறது. நீகாத்தாவில் அப்போதுதான் தொடங்கிய கிளைக் குழு என்ஜிடி48-க்குக் கிடைத்த 'மேக்ஸ் தோக்கி 315-கோ' அதில் ஒன்று. 2021 வரை தோக்கியோவிலிருந்து நீகாத்தா போன ஷின்கான்சென் அதிவேக ரயிலின் பெயர் அது. தலைப்புப் பாட்டைவிட எனக்கு இது ஒரு படி மேல்.

அப்புறம், பழைய முகங்கள் இல்லையென்றால் 'கிமி வா மெலடி'யில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தாய்லாந்தின் கிளைக் குழு பிஎன்கே48 பாடியதைக் கேட்டுப் பாருங்கள். 2018-ல் அவர்கள் மொழியிலேயே சிங்கிளாக வந்தது. அதில் மயேதாவும் இல்லை, சகுராவும் இல்லை, பத்தாண்டுக் கணக்கும் இல்லை. பாட்டு அப்போதும் நிற்கிறது.