ரெக்கார்டு இருக்கே, பேப்பர் எதுக்கு?

பழைய பாட்டுக்காரங்க பத்தி பேச்சு எடுத்தாலே "அதான் ரெக்கார்டு எல்லாம் நெட்லயே கிடைக்குதே, அவங்க நோட்டு லெட்டர் பில்லு எல்லாத்தையும் ஏசி ரூம்ல வச்சு காப்பாத்துறது தண்டச் செலவு"ன்னு யாராவது ஆரம்பிச்சிடுறாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. ஏன்னு கேட்டா நான் கனடாவுல பிரெஞ்சுல பாடின லா போல்டுக்ங்கிற பாட்டுக்காரம்மா கதையத்தான் சொல்வேன்.

நிஜப் பேரு மேரி டிராவர்ஸ். 1894ல கனடாவுல கியூபெக் பக்கம் காஸ்பேசி கடலோரத்துல நியூபோர்ட்னு ஒரு ஊர்ல பொறந்தவங்க, 13 வயசுலயே வீட்டு வேலைக்கு மான்ட்ரியல் போயிட்டாங்க. அப்புறம் கல்யாணம், வரிசையா பிள்ளைங்க, அதுல நிறைய சின்ன வயசுலயே போயிடுச்சு. பிடில், மவுத் ஆர்கன் எல்லாம் கேள்வி ஞானம்தான், நோட்டேஷன் படிக்கத் தெரியாது. 1929ல சமையல்காரி பத்தி அவங்க பாடின ரெக்கார்டு கியூபெக்கோட சின்ன மார்க்கெட்ல 10,000க்கு மேல வித்துச்சு. அப்புறம் வேலையில்லாத் திண்டாட்டம், இன்சூரன்ஸ் ஏஜென்ட் தொல்லை, மான்ட்ரியலுக்கு வந்த ஆர்-100 ஆகாயக் கப்பல், டியோன் வீட்ல ஒரே பிரசவத்துல பொறந்த 5 பொண்ணுங்கன்னு ஊர்ல எது நடந்தாலும் பாட்டாக்கிட்டாங்க. படிச்சவங்க அப்போ மூக்கைச் சுளிச்சாங்க, பாமரப் பாட்டாம்!

அந்த ரெக்கார்டு லேபிள்ல என்ன பேரு போட்டிருக்கும்னு பாருங்க. "மேடம் எதுவார் போல்டுக்". புருஷன் பேரு! எழுதினதும் மெட்டு கட்டினதும் பாடினதும் இவங்க. லேபிளை மட்டும் வச்சுப் பார்த்தா அந்தம்மாவோட சொந்தப் பேரே காணாமப் போயிருக்கும். அவங்க கையாலயே எழுதின காகிதம்தான் இந்த இடத்துல சாட்சி. ஒரு வரிய அடிச்சிட்டு வேற வரி போட்டிருந்தா அது 3 நிமிஷ ரெக்கார்டுல கேக்கவே கேக்காது, பேப்பர்ல மட்டும்தான் தெரியும்.

இதுல எனக்கு இன்னொரு பயமும் இருக்கு. பெருசா பள்ளிக்கூடம் போகாதவங்க, இங்கிலீஷும் பிரெஞ்சும் கலந்து பேசுற வீட்ல வளந்தவங்க, பேசுற மாதிரியேதான் எழுதுவாங்க. அதை டைப் பண்றேன்னு உக்கார்றவரு நல்ல எண்ணத்துலதான் ஸ்பெல்லிங்கை எல்லாம் திருத்தி வச்சிடுவாரு, ஆனா அதோட அந்த ஊர் உச்சரிப்பே போச்சு. ஒரிஜினல் இருந்தாதான் அவரு எங்க கை வச்சாருன்னு கண்டுபிடிக்க முடியும்.

1937ல கச்சேரி டூர்ல கார் ஆக்சிடென்ட், தலையில அடி. சிகிச்சைக்குப் போன இடத்துல கேன்சர் இருக்கிறதும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஞாபகமும் கவனமும் பழையபடி இல்ல, பாட்டு எழுதவே திணறினாங்க, 1941ல போயிட்டாங்க. அந்தக் கடைசி வருஷங்களைப் புரிஞ்சுக்கணும்னா ஹிட் பாட்டு லிஸ்ட் எதுக்கு ஆகும்? துண்டு பேப்பரும் ரசீதும்தான் பேசும்.

அந்தக் காலத்து மலிவு பேப்பர் மரக்கூழ்ல செஞ்சது, அதுல இருக்கிற ஆசிட்டே அதை அரிச்சிடும். மஞ்சளாகி, மடிச்ச இடத்துல அப்பளம் மாதிரி உடையும். வீட்ல இருக்கிறவங்க பாசத்துல செலோடேப் ஒட்டுவாங்க, கொஞ்ச வருஷத்துல டேப் கழண்டு விழுந்து பசைக் கறை மட்டும் எழுத்து மேல நிக்கும். லேமினேட் பண்றது அதைவிட மோசம், திரும்பப் பிரிக்கவே முடியாது. துருப்பிடிச்ச குண்டூசி, கிளிப்பை எடுத்துட்டு, ஆசிட் இல்லாத உறையில போட்டு, ஈரமில்லாத குளிர்ச்சியான இடத்துல இருட்டா வைக்கணும், அவ்ளோதான். இதுல எங்கங்க தண்டச் செலவு?

இப்போ இவங்க காகிதங்கள் அதே காஸ்பேசி பக்கத்துல காஸ்பே ஊர் மியூசியத்துல இருக்கு, முக்கியமான ஆவணங்களைப் பட்டியல் போடுற யுனெஸ்கோவோட கனடா நினைவுப் பதிவேட்டுலயும் ஏறியிருக்கு. இவ்ளோ முக்கியமானதுன்னா தலைநகர் ஒட்டாவாவுக்கு கொண்டு போகலாமேன்னு சிலர் கேக்கலாம். வேணாம்ங்க. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஸ்கேன் பண்ணி குடுங்க, தாராளமா நெட்ல போடுங்க. ஒரிஜினல் அந்தக் கடலோரத்துலயே இருக்கட்டும், அந்த ஊர்ப் பேச்சு இன்னும் காதுல விழுற ஆளுங்கதான் அந்தத் தப்பும் தவறுமான ஸ்பெல்லிங்கை சரியா படிப்பாங்க.