ஜீன் தெரபியும் கத்திரிக்காயும் ஒன்றல்ல

ஜீன் தெரபிக்கு எதிராக நேற்றிலிருந்து இங்கே பரவும் பதிவை யார் எழுதியது என்று பலருக்குத் தெரியும், பெயர் சொல்லி அதற்கு இன்னும் நாலு லைக் வாங்கித் தர எனக்கு விருப்பமில்லை. ஹீமோஃபிலியா என்பது ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய், ஜீன் தெரபி என்பது சரியான மரபணுவை உடம்பின் செல்களுக்குள் சேர்க்கும் சிகிச்சை. அந்த நோய்க்கு இந்தச் சிகிச்சை கொடுப்பது "மனிதனை பி.டி. கத்திரிக்காய் (மரபணு மாற்றிய கத்திரிக்காய்) ஆக்கும் வேலை", வம்சமே மாறிவிடும் என்று அதில் இருக்கிறது. அதைப் பகிர்ந்தவர்களில் என் சித்தியும் ஒருவர்.

வம்சம் மாறாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செய்தது இதுதான்: நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை (ரத்த செல்களை உருவாக்கும் மூல செல்கள்) எடுத்து, நோய் பரப்பாதபடி மாற்றிய வைரஸ் வழியாக ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தின் மரபணுவை அவற்றுக்குள் சேர்த்து, திரும்ப உடம்புக்குள் செலுத்தினார்கள். மாற்றம் ரத்த செல்களில், விந்தணுவில் இல்லை. ஐந்து பேர், எல்லோரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பு, ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. இந்த முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தன.

என் தம்பிக்கு ஹீமோஃபிலியா ஏ, அதாவது ஃபேக்டர் 8 குறைவாக இருக்கும் வகை. ஏழாவது படிக்கும்போது ஒரு ராத்திரி முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அடிபடவே இல்லை, மூட்டுக்குள் தானாக ரத்தம் கசிந்திருக்கிறது. ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம், போன இடத்தில் ஊசியாகப் போடும் ஃபேக்டர் மருந்து ஸ்டாக் இல்லை என்றார்கள். இப்படிப் பல ராத்திரிகள். இன்றைக்கு அவனால் சம்மணம் போட்டு உட்கார முடியாது, கல்யாண வீட்டில் தரையில் பந்தி என்றால் சாப்பிடாமலே வந்துவிடுவான்.

"ஐந்து பேர்தானே" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். ஆமாம், ஐந்து பேர்தான். செல்களைத் திரும்பக் கொடுக்கும் முன் கடுமையான மருந்தால் ரத்த செல்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும், அதில் ஆபத்து உண்டு. இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டும், நானே சொல்கிறேன். 1980களில் ஃபேக்டர் மருந்து வழியாக எச்.ஐ.வி. பரவியதை நினைவூட்டினீர்கள். அதை எங்கள் வீடுகளில் யாரும் மறக்கவில்லை, சந்தேகப்பட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விலையைப் பற்றிக் கேட்டவர்களோடு எனக்குச் சண்டையே கிடையாது. இதே நோயின் இன்னொரு வகையான ஹீமோஃபிலியா பி-க்கு அமெரிக்கா 2022இல் அனுமதித்த ஹெம்ஜெனிக்ஸ் என்ற ஜீன் தெரபி, அப்போது ஒரு டோஸ் 35 லட்சம் டாலர். அதனால்தான் நம் ஊரில் நடக்கும் ஆராய்ச்சி எனக்கு இவ்வளவு முக்கியம்.

ஆனால் "இயற்கையோடு விளையாடாதே" என்பவர்களிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை. என் தம்பியின் மூட்டுக்குள் கசிந்த ரத்தமும் இயற்கைதான்.

அப்புறம் அந்த "வம்சம்" என்ற வார்த்தை. அதை எங்கள் அம்மா முப்பது வருஷமாகக் கேட்கிறார். "உன் வீட்டு ரத்தம்தான் இப்படி" என்று அப்பத்தா சாகும்வரை சொன்னார். இந்த நோய் வருபவர்களில் மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருந்திருக்காது, மரபணுவில் புதிதாக ஏற்படும் மாற்றம் அது. முன்னாலிருந்தே அம்மாவின் மரபணுவில் இருந்து அவர் வழியாக வந்திருந்தாலும்தான் அம்மா என்ன செய்திருக்க முடியும்? அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லையே. ஒரு விசேஷத்துக்குக்கூட அவரை நிம்மதியாகப் போகவிட்டதில்லை, எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் பரிதாபப்பட்டுக்கொண்டே அதையே கேட்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அம்மாவைத்தான் முதலில் விசாரித்தார்கள்.

சித்தி, நீங்கள் அம்மாவோடு கூடப்பிறந்தவர். அந்த ராத்திரி ஐஸ் வாங்க ஓடியதும் நீங்கள்தான். தயவுசெய்து அந்தப் பகிர்வை எடுத்துவிடுங்கள். தம்பி நேற்றே பார்த்துவிட்டான், "அக்கா, நிஜமாகவே அப்படியா?" என்று என்னிடம் கேட்டான்.