பேசும்போதே திருத்த வேண்டாம்
பிள்ளை ஆங்கிலத்தில் பேசும்போது செய்யும் பிழையை அந்தக் கணமே திருத்தினால்தான் மொழி வரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தனி வகுப்பில் இது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். ஒரே வாக்கியத்தில் மூன்று முறை நிறுத்தப்பட்ட பிள்ளை, அடுத்த கேள்விக்கு 'எஸ்', 'நோ' என்று முடித்துக்கொள்ளும்.

2 நிமிடம் தடையில்லாமல் பேச விடுங்கள். பிழைகளைத் தாளில் குறித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் இரண்டை மட்டும் எடுங்கள். 'ஷி கோ' என்றதை எழுதிக் காட்டி, எங்கே தவறு என்று கேட்டுவிட்டு 5 விநாடியாவது காத்திருங்கள். தானே 'கோஸ்' என்று கண்டுபிடித்தால் மனதில் தங்கும். பிறகு அதே தலைப்பில் மறுபடி பேசச் சொல்லுங்கள். பல ஆசிரியர்கள் விட்டுவிடுவது இதைத்தான். தன் முன்னேற்றத்தை மாணவர் காதால் கேட்பது இங்கேதான்! பொருளே மாறிப்போனால் மட்டும் உடனே குறுக்கிடலாம். அடுத்த வகுப்பை அதே இரண்டு பிழைகளிலிருந்து தொடங்குங்கள்.