ஐ ஆஸ்க்டு எ சாங்

நேற்று மாலை வகுப்பில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் ‘ஐ ஆஸ்க்டு எ சாங்’ என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் சுருங்கிப் போனது. இரவு முழுக்க அதுதான் என் நினைப்பில்.

தமிழில் கேள்வியும் கேட்கிறோம், பாட்டும் கேட்கிறோம், கடனும் கேட்கிறோம், சத்தம்கூடக் கேட்கிறது. ஆஸ்க், ஹியர், லிசன் மூன்றும் அவன் மனதில் ‘கேள்’ என்ற ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. கதவைத் தட்டினான், முதலில் ஆஸ்க் எட்டிப் பார்த்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

புதிதாகக் கற்பவர் மனதில் அந்நியச் சொல் நேராகப் பொருளோடு ஒட்டாது, தாய்மொழிச் சொல்லின் கையைப் பிடித்தபடிதான் நிற்கும், பழகப் பழகத்தான் அந்தப் பிடி தளரும் என்று மொழி உளவியல் ஆய்வாளர்கள் ஜூடித் க்ரோலும் எரிகா ஸ்டூவர்ட்டும் 1994இல் எழுதினார்கள். நான் தினமும் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்றும் பார்க்கிறேன். ஒரு சொல்லைச் சொல்லி, சட்டென்று தோன்றுவதைச் சொல்லுங்கள் என்பேன். ‘கிச்சன்’ என்றால் ‘சிக்கன்’ என்று வரும். பொருள் இன்னும் வேர்விடாத சொல், ஓசையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. தமிழ் மீடியம் என்பதால்தான் இப்படி என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிரெஞ்சு கற்ற ஆங்கிலேயர்களிடமே 1980களில் மொழி ஆய்வாளர் பால் மீரா இதைக் கண்டார். கான்கிரீட்டைக் குறிக்கும் ‘பெத்தோன்’ என்ற சொல்லுக்கு, விலங்கு என்று பொருள்படும் ‘பெத்’ நினைவுக்கு வந்து, ‘விலங்கு’ என்று பதில் சொன்னவர்கள் உண்டு.

தமிழில் அர்த்தம் சொல்வது தப்பே இல்லை. அது இல்லாமல் முதல் படியே ஏற முடியாது. ஆனால் ஒரு சொல், பக்கத்தில் ஒரு அர்த்தம், மறுநாள் டெஸ்ட் என்று அதோடு நிறுத்திவிடுகிறோமே, அதுதான் என் வருத்தம். சொல்லை அதன் கூட்டாளிகளோடு சேர்த்துக் கொடுங்கள். ஆஸ்க் எ கொஸ்டின். லிசன் டு எ சாங். ஹியர் எ நாய்ஸ்.

இன்று அந்தப் பையனை ‘கேள்’ என்று நடுவில் எழுதச் சொல்லி, சுற்றிலும் இந்த மூன்றையும் எழுத வைத்தேன். எழுதி முடித்ததும், “அப்போ ‘போடு’ சார்?” என்றான். சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், லைட் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். சரி, நாளைக்கு அதுதான் பாடம்.