ஏசாயா 14:12இல் இருப்பது விடிவெள்ளி

‘லூசிபர்’ என்பது எபிரேய வேதாகமம் சாத்தானுக்குச் சூட்டிய பெயர் என்று பலர் சொல்வதுண்டு. நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அது எபிரேயச் சொல்லே அல்ல, லத்தீன். ஏசாயா 14:12இன் மூலத்தில் இருப்பது ‘ஹேலேல் பென் ஷாஹர்’: ஒளிர்பவன், விடியலின் மகன். அதைக் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் லத்தீனில் பெயர்த்தபோது, விடிவெள்ளிக்கு அங்கே வழங்கிய ‘லூசிபர்’ என்ற சொல்லைப் போட்டார். அவர் வாழ்ந்த 4ஆம் நூற்றாண்டிலேயே, இன்றைய இத்தாலியின் சார்தீனியா தீவில் லூசிபர் என்ற பெயரில் ஓர் ஆயர்கூட இருந்தார்!

சரிபார்க்க, வீட்டிலுள்ள பழைய தமிழ் வேதாகமமே போதும். அந்த வசனம் “அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே” என்றுதான் தொடங்குகிறது. கையோடு 4ஆம் வசனத்தையும் பாருங்கள். இது பாபிலோன் ராஜாவைப் பற்றிச் சொல்வது என்று அங்கேயே இருக்கிறது. ‘சாத்தான்’ என்ற சொல் அந்த அதிகாரத்தில் எங்குமே இல்லை.