கலாநிதிக்குச் சம்பளச் சீட்டு இல்லை

மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் கேட்டு மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நான் நீட்டிய கடிதத்தில் "மாதாந்தக் கொடுப்பனவு" என்று இருந்தது. "இது சம்பளம் இல்லையே, சேர்" என்றார் அங்கிருந்தவர், மரியாதையாகத்தான். கலாநிதிப் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியும் என்னிடம் சம்பளச் சீட்டு ஒன்று இல்லை.

அந்தக் கொடுப்பனவுக்குப் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டமொன்றில் ஆய்வாளராக நான் செய்தது முழுநேர வேலை. விடியுமுன் தோணியேறி வாவி நீர் மாதிரி எடுப்பேன். பகலில் ஆய்வுகூடம். இரவில் கட்டுரை எழுதுவதும் மாணவர்களின் ஆய்வறிக்கைகளைத் திருத்துவதும். ஆறு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். நிதி தாமதமானால் அந்த மாதம் வெறுங்கை. "காசு வந்துவிட்டதா மனே?" என்று கேட்பதை அம்மா எப்போதோ நிறுத்திவிட்டார்.

பஜாரில் துணிக்கடையில் நிற்கும் பிள்ளைக்கும் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. அவரது சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 சதவீதம் கட்ட வேண்டும். கொடுப்பனவு என்ற ஒரே சொல்லால் இவ்வளவும் எனக்கு இல்லாமல் போனது.

ஆய்வு நிதியில் உள்ளதைத்தானே தரலாம் என்பார் என் பேராசிரியர். நல்ல மனிதர்; தோணிக் கூலியைத் தன் பையிலிருந்து கொடுத்த நாட்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. ஆய்வு நிதி கேட்கும் விண்ணப்பத்தில் எழுதிய கொடுப்பனவுத் தொகை திட்டம் முடியும்வரை அசைவதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டு, அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறியபோதும் அது அசையவில்லை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம், கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களுக்கு அனுபவ ஆண்டுகளின்படி கொடுப்பனவுக்குப் படிநிலை வகுத்து வெளியிடுகிறது. 2024இல் அதன் முதற்படியின் தொகை ஆண்டுக்கு 61,008 டொலர். அந்த நாட்டிலும் 2022இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 48,000 பேர், இத்தகைய ஆய்வாளர்களும் சேர்ந்து, வேலைநிறுத்தம் செய்தார்கள். நான் அந்த டொலரைக் கேட்கவில்லை, அந்தப் படிநிலையைக் கேட்கிறேன். தகுதிகாண் விரிவுரையாளரின் சம்பளத்தை அடித்தளமாக வைத்து எங்கள் பல்கலைக்கழகப் பேரவைகள் ஒரு அளவுத்திட்டம் வகுக்கட்டும். சேமலாப நிதிக்கான தொகை இல்லாத எந்த ஆய்வு விண்ணப்பத்திலும் கையொப்பமிட மறுக்கட்டும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கும் என் தங்கை, ஆய்வுக்குப் போவதா, வங்கிப் பரீட்சை எழுதுவதா என்று போன கிழமை கேட்டாள். இரண்டு விண்ணப்பப் படிவங்களும் இன்னும் மேசையில் கிடக்கின்றன.