கெற்றமின் ஊசியும் பக்கத்தில் போட்ட கதிரையும்

ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் போன ஞாயிற்றுக்கிழமை அழைப்பெடுத்து, சுகம்கூட விசாரிக்காமல், "மாமி, அம்மாவுக்கு அங்க கெற்றமின் குடுக்க ஏலாதோ?" என்று கேட்டான். பத்து வருசம் மனச்சோர்வுக் குளிசை போட்டும் எழும்பாத ஒருவர் இந்த மருந்தை ஏற்றி அடுத்த நாளே எழும்பிக் குளித்தாராம், யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான். இதே கேள்வியை இந்த மாதம் வேறு இரண்டு பேரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த மயக்க மருந்து புதிதல்ல. பல வருசம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக நின்றவள் நான். விலகிய எலும்பை இழுத்து வைக்க, எரிகாயம் கழுவ என்று எத்தனையோ பேருக்கு இது ஏறும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். மற்ற மயக்க மருந்து போல ஆள் கண்ணை மூடித் தூங்கமாட்டார். கண் பாதி திறந்தபடி இருக்கும், கருவிழி மெல்ல அங்கும் இங்கும் ஆடும், மூச்சு தன்பாட்டில் போகும், ஆனால் ஆள் அங்கே இல்லை. சற்று முன் வலியில் துடித்தவர் காயத்தைக் கழுவக் கழுவக் கூரையைப் பார்த்தபடி கிடப்பார்.

ஒருநாள் படகு இயந்திரத்தில் கால் கிழிபட்டு திருகோணமலைத் திருக்கடலூர் ஐயா ஒருவர் வந்தார். ஊசி போடுவதற்கு முன் மயக்க மருந்து டொக்டர் குனிந்து, "ஐயா, உங்களுக்கு நல்லாப் பிடிச்ச இடம் ஒண்டை நினையுங்கோ" என்றார். "கோணேசர் கோயிலடி, விடியக்காலமை" என்றார் அவர். தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, மலைக்கு மேலால் போய்க் கடலைப் பார்த்ததாகச் சொன்னார், முகம் அவ்வளவு அமைதி. அதே கிழமை ஒரு பெண் தெளிகிற நேரம் பார்த்து யாரோ தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். அவ போட்ட கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் மூத்த தாதி அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னா: "தெளியேக்க சத்தம் கூடாது. வெளிச்சத்தைக் குறை. தட்டித் தட்டிக் கூப்பிடாதை. கதிரையைப் போட்டுப் பக்கத்தில இரு." இரண்டு பேருக்கும் போனது ஒரே மருந்துதான்.

இந்தக் கெற்றமினை 1962 இல் அமெரிக்காவில் கல்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். 1970 இல் அங்கே அனுமதி கிடைத்து, வியட்நாம் போர்க்களத்தில் காயப்பட்டவர்களுக்குப் போனது. மூச்சை அவ்வளவாக அடக்காது என்பதால் வசதி குறைந்த இடங்களிலும் கைகொடுக்கும், விலையும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மனச்சோர்வுக்கு இது உதவுமா என்ற கதை பெரிதாகத் தொடங்கியது 2000 ஆம் ஆண்டில், யேல் பல்கலைக்கழகத்தில் ஏழே ஏழு நோயாளிகளோடு. பிறகு 2006 இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் 18 பேரிடம் பார்த்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏற்றுவது, அவ்வளவுதான். அடுத்த நாளே 71 சதவீதம் பேருக்கு நல்ல மாற்றம். வழக்கமான குளிசை வேலை செய்யக் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் உலகமே திரும்பிப் பார்த்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் ஒரு கிழமையாவது நின்றது 35 சதவீதம் பேருக்குத்தான். இந்த இரண்டாவது எண்ணை ஒருவரும் வாட்ஸ்அப்பில் பகிர்வதில்லை.

சரி, அப்புறம் என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் வெளிநாட்டில் இந்த மருந்தோடு உளச்சிகிச்சையையும் சேர்க்கிறார்கள். முதலில் சிகிச்சையாளரோடு இரண்டு மூன்று தரம் இருந்து கதைப்பது, எதற்காக வந்தாய், எதற்குப் பயப்படுகிறாய் என்று. மருந்து ஏறுகிற அன்று கண்ணை மூடிக் கட்டி, மெல்லிய இசை போட்டு, சிகிச்சையாளர் பக்கத்திலேயே இருப்பார். பிறகு வருகிற நாட்களில், இறுகிக் கிடந்த மனம் கொஞ்சம் இளகியிருக்கும்போது, கண்டதையும் நினைத்ததையும் திரும்ப எடுத்துக் கதைப்பது. வாசித்தபோது எனக்கு அந்த மூத்த தாதியின் கதிரைதான் ஞாபகம் வந்தது.

இந்தக் கதையாடல் சேர்ந்தால் பலன் எவ்வளவு கூடும் என்பதற்கு இன்னும் உறுதியான ஆய்வுகள் போதாது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 2023 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு என்னை நிறைய யோசிக்க வைத்தது. மனச்சோர்வு உள்ள 40 பேர் வேறு ஏதோ சத்திரசிகிச்சைக்காக முழு மயக்கத்தில் இருக்கும்போது, பாதிப் பேருக்குக் கெற்றமின், மீதிப் பேருக்கு வெறும் சேலைன். யாருக்கு எது போனது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியது. மயக்க மருந்து கெற்றமினின் வேலையை மறைத்திருக்கலாம் என்கிறவர்களும் உண்டு, இருக்கலாம். ஆனால் சேலைன் போனவர்களும் தேறினார்களே! பல வருசம் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதரை ஒரு குழு உட்கார்த்தி, கேள்வி கேட்டு, அடுத்த நாளும் எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வந்தது. அதுவும் ஒரு மருந்துதான் என்று நான் நம்புகிறேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். என் மச்சாள், அதாவது அந்த மருமகனின் தாய், 2004 சுனாமிக் கடலில் தன் கடைசிப் பிள்ளையைக் கொடுத்தவ. இவ்வளவு வருசமாக கிளினிக் போகிறா. விடிய ஆறு மணிக்குப் போய் நம்பர் எடுத்து, பத்தரைக்கு உள்ளே போனால், "நித்திரை வருதோ? சாப்பிடுறீங்களோ? அதே மருந்தைப் போடுங்கோ" என்று இரண்டு நிமிடத்தில் வெளியே. எந்த கிளினிக் என்று சொல்லமாட்டேன், அந்த டொக்டரிலும் பிழை சொல்லமாட்டேன். வெளியே வாங்கில் இன்னும் நாற்பது பேர், மூதூரிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்தவர்கள், இருக்கும்போது அந்த மனுசன் என்ன செய்வார்? இவ்வளவு காலத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை ஒருவரும் மச்சாளிடம் கேட்டதில்லை.

மருமகன் கேட்டதை நான் அவவிடம் சொன்னேன். முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவ கையை நிறுத்தி, "அது பிள்ளையை மறக்கப் பண்ணுமோ மச்சாள்? அப்பிடியெண்டா எனக்கு வேண்டாம்" என்றா. மறக்கப் பண்ணாது, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க விடும் என்கிறார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவ, பிறகு அன்றைக்குக் காலையில் பிள்ளைக்கு எந்தச் சட்டை போட்டுவிட்டா, எந்தக் காலில் செருப்பு வார் அறுந்திருந்தது என்பதிலிருந்து தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சொன்னா. நான் இத்தனை வருசம் கேட்காத கதை. அடுத்த நாள் அவ பழையபடிதான் எழும்பினா. அதற்காக அந்த ஒரு மணித்தியாலம் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

கெற்றமின் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று மருந்தைச் சரியான அளவில் சரியான காலம் போட்டும் எழும்பாதவர்களுக்கு, மனநல வைத்தியரும் மயக்க மருந்து வைத்தியரும் சேர்ந்து, ஆஸ்பத்திரிக்குள்ளே வைத்துக் கொடுக்கலாம் என்று வந்தால் சந்தோசம். ஆனால் காசு கொடுத்தால் யாரோ வீட்டுக்கு வந்து ஊசி போடுவார் என்ற நிலை வரவே கூடாது. இரத்த அழுத்தத்தை ஏற்றும், இல்லாத குரல் கேட்கிற நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து, பழக்கமாகிவிட்டால் மூத்திரப்பையைப் பாழாக்கும். 2023 இல் அமெரிக்க நடிகர் மத்தியூ பெரி இறந்தது இந்த மருந்தின் தாக்கத்தால்தான். கெற்றமினின் ஒரு வகையான, மூக்கில் அடிக்கிற எஸ்கெற்றமினுக்கு அமெரிக்காவில் 2019 இல் அனுமதி கொடுத்தபோதே, அடித்த பிறகு இரண்டு மணித்தியாலம் சுகாதாரப் பணியாளர் கண்முன்னே இருக்க வேண்டும், அன்றைக்கு வாகனம் ஓடக்கூடாது என்று விதித்துத்தான் கொடுத்தார்கள்.

இன்னொன்று. ஊரில் "கரண்ட் பிடிக்கிறது" என்று பயந்து ஒதுக்குகிற மின்னதிர்வுச் சிகிச்சை எங்கள் நாட்டில் எப்போதிருந்தோ இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். 2023 இல் 403 பேரை வைத்துக் கெற்றமினையும் அதையும் ஒப்பிட்டார்கள். கெற்றமினுக்கு 55 சதவீதம் பேர், கரண்டுக்கு 41 சதவீதம் பேர் தேறினார்கள். மனச்சோர்வுக்கென்று எங்கள் கைக்கு எட்டாத மருந்துக்கு ஏங்கிக்கொண்டு, இருக்கிற ஒன்றை, அதுவும் பத்துப் பேரில் நாலு பேரை எழுப்புகிற ஒன்றை, விசர் ஆஸ்பத்திரிக் கதை என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

எனக்கு வேண்டியது கதிரை. ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு உளவளத்துணையாளர், தமிழில் கேட்கத் தெரிந்தவர், ஒரு ஆளுக்கு அரை மணித்தியாலமாவது. அது இல்லாமல் நாளைக்கு இந்த மருந்து மனச்சோர்வுக்கு வந்தாலும், ஏற்றிவிட்டு, "நித்திரை வருதோ?" என்று கேட்டு அனுப்புவார்கள்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனுக்குக் கோபம், எனக்குப் புரிகிறது, தூரத்தில் இருக்கிறவனுக்கு ஏதாவது ஒன்றை வாங்கி அனுப்ப வேண்டும் போல இருக்கும். இனி ஞாயிற்றுக்கிழமை எனக்கு எடுக்காமல் தாய்க்கு எடுத்து, தங்கச்சியைப் பற்றிக் கேள் என்றேன். வியாழக்கிழமை கிளினிக். இந்தமுறை நானும் மச்சாளோடு போகிறேன். இதுவரை போட்ட மருந்துகளின் பெயரையும் அளவையும், கேட்க வேண்டிய நான்கு கேள்விகளையும், கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரியில் பிள்ளையின் பெயர்.

(யாருக்காவது இரவில் மனம் தாங்காமல் போனால் 1926 க்கு எடுங்கள், இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.)